தொட்டில் பொறுக்கும், கடிதம் பொறுக்காது!

பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டில் கட்டக் கூடாது, துணிமணி வாங்கி அடுக்கக் கூடாது என்பது நம் பெரியவர்கள் வைத்த வழக்கம். கண் பட்டுவிடும் என்பார்கள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, விதவிதமாய்ச் சோறு ஆக்கிப் போட்டு, அத்தோடு நிறுத்திக் கொள்வார்கள். அந்த வழக்கத்தை நாம் குறை சொல்ல வரவில்லை. தாயும் பிள்ளையும் பிழைப்பார்களா என்று அஞ்சி வாழ்ந்த காலத்தில் உண்டான வழக்கம் அது. நெற்றி விளக்கோடு இருட்டில் வெட்டுக்குப் போனவள், நிரையிலேயே பிள்ளை பெற்றுச் சேலைத் தலைப்பில் ஏந்தி வந்த கதைகளைப் பாட்டிமார் வாயால் கேட்டுத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்?

ஆனால் தொட்டிலுக்குச் சொன்ன வழக்கத்தைத் தோட்டத்து ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்துக்கும் சேர்த்துப் பொருத்திக் கொள்கிறோமே, அதைத்தான் நாம் குறை சொல்கிறோம். தொட்டிலைப் பிள்ளை பிறந்த பிறகு கட்டலாம். ஒரு பழைய சேலை இருந்தால் பத்து நிமிட வேலை. ஆபீசுக்குக் கொடுக்கும் அறிவிப்பு, கல்யாணப் பதிவு, இராத்திரி வண்டி, இவையெல்லாம் வலி எடுத்த பிறகு ஆகிற காரியங்கள் அல்ல. கடுதாசிக்குக் கண் படாது, தாய்மார்களே!

சங்க வேலையாகத் தோட்டந்தோறும் போய் வருகிறோம். பேறுகாலப் பணம் வரவில்லை என்று வரும் புகார்களைக் கேட்டுப் பார்த்தால், முக்கால்வாசியில் கதை ஒன்றுதான். "எப்பம்மா ஆபீஸ்ல சொன்னீங்க?" என்று கேட்போம். "சொல்லணுமா அண்ணே? வயித்தப் பார்த்தாலே தெரியுதே!" என்பார்கள். மண்டோருக்குத் தெரியும், கிராணிக்குத் தெரியும், லயம் முழுக்கத் தெரியும். ஆனால் ஆபீஸ் பைலில் ஒரு வரி கிடையாது. வயிறு சாட்சி சொல்லாது. எழுத்துத்தான் சொல்லும்.

தீபகற்ப மலேசியாவில் நமக்குள்ள சட்டம் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். பிள்ளை பிறக்கும் என்று எதிர்பார்க்கிற நாளுக்கு முந்திய 60 நாட்களுக்குள், அந்த நாளையும் எந்தத் தேதியிலிருந்து விடுப்பில் போகப் போகிறோம் என்பதையும் முதலாளிக்கு அறிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அறிவிக்காமல் விடுப்பில் போனால், அறிவிக்கும் வரை பணத்தை நிறுத்தி வைக்க முதலாளிக்கு இடம் உண்டு. பணமே கிடையாது என்று அர்த்தமில்லை. ஆனாலும் கையில் பச்சைப் பிள்ளையோடு, பத்தியச் சாமான் வாங்கக் காசில்லாமல், ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடக்கிற நடை யாருக்கு வேண்டும்? ஆகவே எட்டாம் மாதம் தொட்டதும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். எழுத வராவிட்டால் தோட்டக் கமிட்டிக்காரரிடம் சொல்லுங்கள், மலாயில் எழுதித் தருவார். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி, வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருக்கும் உரிமை சிறியதல்ல. 2022ஆம் ஆண்டு முடியும் வரை நம் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 60 நாள்தான். அனைத்துலகத் தொழில் அமைப்பு 1958இலேயே தோட்டத் தொழிலாளருக்கென்று தனி உடன்படிக்கை எழுதி, அதில் பேறுகாலத்துக்கு 12 வாரம் வேண்டும் என்று சொல்லியிருந்தது. 2000ஆம் ஆண்டில் வந்த உடன்படிக்கை எல்லாத் தொழிலுக்கும் 14 வாரம் என்றது. நம் நாட்டுச் சட்டம் 1-1-2023இல்தான் அந்த 14 வாரத்தை எட்டியது. இப்போது 98 நாள். ஒரு தலைமுறைத் தாய்மார் ஐம்பது நாள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு, பால் கட்டிய மார்போடு வேலைக்காட்டுக்கு ஓடிய பிறகு கிடைத்த நாட்கள் இவை. இவற்றை ஒரு கடிதம் கொடுக்காத காரணத்தால் தொங்கலில் விடலாமா?

பணம் யாருக்கு என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். பிரசவத்துக்கு முந்திய 9 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். கடைசி 4 மாதத்தில் எப்போதாவது அவரிடம் வேலையில் இருந்திருக்கவும் வேண்டும். உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் விடுப்பு உண்டு, பணம் இல்லை. இன்னொன்றையும் மனம் கனக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. 22 வாரத்துக்குப் பிறகு பிள்ளை உயிரின்றிப் பிறந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பிரசவம்தான். அந்தத் தாய்க்கும் இந்த விடுப்பும் பணமும் உண்டு. "புள்ளதான் இல்லையே, நாளைக்கே வேலைக்கு வா" என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

கான்ட்ராக்டரிடம் கைக்காசுக்கு உதிரிப் பழம் பொறுக்குகிற பெண்கள், "எங்களுக்கு ஏதுண்ணே சட்டம்?" என்கிறார்கள். உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலையையும் நேரத்தையும் இன்னொருவர் கட்டளையிட்டு, கருவியும் அவரே கொடுத்துச் செய்கிற வேலையென்றால் அவரை முதலாளியாகவே கருத 2023 முதல் சட்டத்தில் இடம் வந்திருக்கிறது. ஆனால் 90 நாள் கணக்கைக் காட்ட வேண்டுமே! சம்பளச் சீட்டு கொடுக்காத கான்ட்ராக்டராக இருந்தால், பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தில் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும், பொறுக்கிய சாக்கையும், வாங்கிய காசையும் எழுதி வையுங்கள். முதல் மாதத்திலிருந்தே எழுதுங்கள். தொழிலாளர் இலாகாவில் அந்த நோட்டுப் புத்தகம் பேசும்.

இனி வேலை விஷயம். பேறுகால விடுப்பைப் பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே தொடங்கலாம். நம் பெண்களோ வலி எடுக்கும் வரை வேலைக்குப் போகிறார்கள். காரணம் நமக்குத் தெரியாததல்ல. "முன்னாடியே நாளைத் தின்னுட்டா, அப்புறம் புள்ளையோட இருக்க நாள் கொறையுமே!" என்கிறார்கள். நியாயமான கணக்குத்தான். விடுப்பை எப்போது தொடங்குவது என்பது அந்தத் தாய் தீர்மானிக்க வேண்டியது. ஆனால் கடைசி வாரங்களில் எந்த வேலை செய்வது என்பதில் விட்டுக் கொடுக்கக் கூடாது. மேட்டுக் காட்டில் காண்டா தூக்கிப் பால் சுமப்பது, குனிந்தபடியே உதிரிப் பழம் பொறுக்கிச் சாக்கை இழுப்பது, வழுக்குப் பலகையில் சாக்கடை தாண்டுவது, இவை நிறைமாதக்காரி செய்கிற வேலைகளா? கால் வீங்கி, தலை சுற்றி, உடம்பு தாங்கவில்லையென்றால் டாக்டரிடம் போய் மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்குங்கள். அது பேறுகால விடுப்பில் கழியாது.

மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறோம். பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 1-1-2020 முதல் தடை செய்யப்பட்டு விட்டது. அதனால் மற்ற மருந்தெல்லாம் தண்ணீர் என்று எண்ணிவிடாதீர்கள். நிலைபேறான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பில் சான்றிதழ் பெற்ற தோட்டங்களில், கருவுற்ற பெண்களையும் பால் கொடுக்கும் பெண்களையும் பூச்சிமருந்து, களைமருந்து வேலையில் விடக் கூடாது என்பது விதி. ஆகவே மாசமானது தெரிந்த அன்றே பம்பை இறக்கி வைத்து வேறு வேலை கேளுங்கள். எட்டாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம். "வேறு வேலை இல்லை, வீட்டுக்குப் போ" என்று நிர்வாகம் சொன்னால் சங்கத்துக்குத் தகவல் கொடுங்கள். கருவுற்ற பெண்ணை வேலையை விட்டு நிறுத்துவது 2023 முதல் சட்டப்படி குற்றம். ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறினாள், ஒழுங்கீனம் செய்தாள், தொழிலையே மூடிவிட்டோம் என்ற மூன்று காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. கர்ப்பம் காரணமில்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பும் முதலாளியுடையது.

அடுத்தது அந்த இளஞ்சிவப்புப் புத்தகம். கிளினிக்கில் மிஸி கொடுக்கிற புத்தகத்தை அரிசி டின் மேல் வைத்துவிட்டு மறந்து விடுகிறோம். அதில் ஒட்டியிருக்கும் நிறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளையென்றால் கிளினிக் மிஸியே பார்த்துக் கொள்வார். பச்சையென்றால் சுகாதார நிலைய டாக்டரும் பார்க்க வேண்டும். மஞ்சளென்றால் ஆஸ்பத்திரி நிபுணரிடம் போக வேண்டும். சிவப்பென்றால் அன்றே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். போன மாதம் வெள்ளையாக இருந்தது இந்த மாதம் மஞ்சளாகலாம். ஆகவே கடைசி வாரங்களில் ஒரு தவணையைக் கூடத் தவற விடாதீர்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வெளியே தெரியாமல் ஏறுவது இந்த வாரங்களில்தான்.

இரும்புச் சத்து மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. "சாப்பிட்டா கொமட்டுது, கறுப்பாப் போவுது" என்று சொல்லி ஜன்னல் வழியே எறிகிறவர்கள் இருக்கிறார்கள். விழுங்குகிறவர்களும் காலைத் தேத்தண்ணியோடோ கோப்பியோடோ விழுங்குகிறார்கள். தேநீரும் கோப்பியும் அந்தச் சத்தை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். வெறும் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போடுங்கள், தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரத்தம் குறைந்தவளுக்குப் பிரசவத்தில் போகும் கொஞ்ச இரத்தமும் பெரிய ஆபத்தாகிவிடும்.

வயிற்றுப் பிள்ளை தனக்குத் தெரிந்த பாஷையில் பேசிக் கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்கக் கற்றுக் கொள்ளுங்கள். காலை 9 மணியிலிருந்து எண்ணுங்கள். இரவு 9 மணிக்குள் பத்து அசைவாவது தெரிய வேண்டும். பத்து ஆகாவிட்டால், அல்லது எப்போதும் துள்ளுகிற பிள்ளை அன்று அடங்கிப் போயிருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் புறப்படுங்கள். இரத்தம் படுதல், பனிக்குட நீர் உடைதல், விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், காய்ச்சல், வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் அப்படியே. மாமியார்மார்களே, "எனக்கும் இப்படித்தான் கால் வீங்குச்சு, ஒண்ணும் ஆகல" என்று மருமகளுக்குச் சமாதானம் சொல்லாதீர்கள். நீங்கள் பிழைத்தது நம் பாக்கியம். பிழைக்காமல் போனவர்கள் இங்கே வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

புறப்படுங்கள் என்று எளிதாகச் சொல்லி விட்டோம். எதில் புறப்படுவது? தோட்டப் பாதை செம்மண், மழை பெய்தால் சேறு. ஆஸ்பத்திரி ஒரு மணி நேர ஓட்டம். வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வரட்டும் என்று பட்டணத்தில் இருப்பவர்கள் பார்க்கலாம். நாம் பாதையின் தூரத்தையும் வலியோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். இரண்டாம், மூன்றாம் பிள்ளையென்றால் இன்னும் வெள்ளெனப் புறப்பட வேண்டும். லயத்தில் கார் வைத்திருப்பவர் யார், இராத்திரி வேலைக்குப் போகாதவர் யார் என்று எட்டாம் மாதத்திலேயே பார்த்து, ஒருவருக்கு இருவராகச் சொல்லி வையுங்கள். தோட்டத்து வண்டியின் டிரைவர் நம்பரையும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அவசரத்துக்கு 999 இருக்கிறது. ஆனால் ஆம்புலன்சுக்கு நம் தோட்டத்து வழி தெரியாது. மெயின் ரோட்டுச் சந்தியில் டார்ச்சோடு ஒருவர் நிற்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பையில் என்ன வைப்பது? அந்த இளஞ்சிவப்புப் புத்தகம், இருவருடைய அடையாள அட்டை, கல்யாணச் சான்றிதழ், இரண்டு கைலி, துணிக்கட்டு, பிள்ளையைச் சுற்றுவதற்குத் துவைத்து வெயிலில் காயவைத்த பழைய மெல்லிய துணி. புதுத்துணி வேண்டியதில்லை. ஆகவே பாட்டிமாரும் கோபிக்க வேண்டியதில்லை!

பையில் கல்யாணச் சான்றிதழ் என்றோமே, அது இல்லாத குடும்பங்கள் நம்மில் இன்னும் இருக்கின்றன. அம்மன் கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து போட்டாகிவிட்டது, பதிவு எதற்கு என்று விட்டு விடுகிறார்கள். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1-3-1982இல் நடப்புக்கு வந்தது முதல், பதியாத கல்யாணம் சட்டத்துக்குக் கல்யாணமே அல்ல. அதன் பாரம் முழுக்கப் பிள்ளையின் தலையில்தான் விழும். பதிவில்லாத தம்பதியின் பிள்ளைக்குக் குடியுரிமை தகப்பன் வழியில் வராது, தாய் வழியில்தான் பார்ப்பார்கள். தகப்பனுக்கு நீல அட்டை இருந்தும், தாய் வெளிநாட்டுக்காரி என்றால் அந்தப் பிள்ளை பிறந்த மண்ணிலேயே அந்நியனாகும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை என்று வாழ்நாள் முழுதும் இலாகா வாசலில் நிற்கும். பிறந்த பிறகு பதிந்தால் இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்து விடாது. பிறப்பதற்கு முன் பதிவு முடிந்திருக்க வேண்டும். தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பம் கொடுத்த பிறகு 21 நாள் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. ஒன்பதாம் மாதக் கடைசியில் ஓடிப் பயனில்லை. மாசமானது தெரிந்தவுடன் போங்கள்.

அதே சான்றிதழ் தகப்பனுக்கும் வேலை செய்யும். 2023 முதல் மனைவியின் பிரசவத்துக்குக் கணவனுக்கு 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஐந்து பிரசவம் வரை கிடைக்கும். அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். 30 நாள் முன்பாகவோ, முடியாவிட்டால் பிள்ளை பிறந்ததும் கூடிய சீக்கிரமோ அறிவிக்க வேண்டும். சகோதரர்களே, இந்த ஏழு நாளும் கூட்டாளிகளோடு கடையில் உட்கார்ந்து "பையன் பொறந்துட்டான்" என்று கொண்டாடுவதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல. வெந்நீர் வைக்க, துணி அலச, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப, பிறப்பைப் பதிய ஓட. பிறப்புப் பதிவை நாள் கடத்தாதீர்கள். பேர் எழுத்து சரியா, தகப்பன் பேர் சரியா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது நடந்தவர்களுக்குத் தெரியும்.

நிர்வாகங்களுக்கும் நாம் மூன்று சொல்வோம். ஏழாம் மாதம் முதல் சம்பளம் குறையாமல் இலேசான வேலை கொடுங்கள். கிளினிக் நாளை வராத நாளாக எழுதாதீர்கள். பிரசவத்துக்கு என்றால் எந்த இராத்திரியும் தோட்டத்து வண்டி புறப்படும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். பால் கொண்டு போக வண்டி ஒரு நாள் நின்றதுண்டா? பழம் ஏற்றும் லாரி மழைக்கு நின்றதுண்டா? ஒரு தாயைக் கொண்டு போகவும் அது நிற்கக் கூடாது. சங்கமும் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இந்த மூன்றையும் மேசையில் வைக்க வேண்டும்.

இந்த வாரம் உங்கள் லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஏழாம் மாதம் தொட்டவர் யார் யார் என்று பாருங்கள். கடிதம் கொடுத்தாயிற்றா, கல்யாணம் பதிந்தாயிற்றா, வண்டி சொல்லியாயிற்றா என்று மூன்றே கேள்வி கேளுங்கள். இல்லையென்றால் கையைப் பிடித்து ஆபீசுக்கு அழைத்துப் போங்கள். சீர்வரிசைத் தட்டோடு போகிற நம் ஜனங்களுக்கு ஒரு கடிதத்தோடு போகத் தெரியாதா என்ன?